கான்பூர் வீட்டு ஜன்னலுக்கு அளவு

786

கச்சேரி ரோடு, மயிலாப்பூர், சென்னை
11-9-1949

பாசமுள்ள மகள் ஜஹீதாவுக்கு அத்தா ஷரஃபுதீன் சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், பேச்சு முழுவதும் அம்மாவுடையது. அங்கே நீயும் மாப்பிள்ளை ஷரீஃபும் குழந்தை ஜஹனாராவும் நோய் நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

நிற்க. என் காலைப் பற்றிக் கவலைப்படாதே. பெருநாள் முடிந்த நாலாம் நாள் கடையில் மேல் தட்டிலிருந்த கீல் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறி, ஏணியோடு கீழே வந்தேன். அந்த ஏணி நான் செய்தது என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏணி உடையவில்லை, நான்தான் உடைந்தேன் என்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். எலும்பு கூடிக்கொண்டு வருகிறது, இன்னும் மூன்று வாரம் அசையக் கூடாதாம். மாடிப்படி ஏற முடியாதென்று கீழே உன் அறையில் உன் கட்டிலில்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். சுத்தியலையும் ரம்பத்தையும் அம்மா எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். சமையலறை அலமாரிக்கு ஒரு கதவு பாக்கி நிற்கிறது, நாற்பது வருஷம் இரும்புச் சாமான் விற்றவன் வீட்டில் அலமாரிக்குக் கதவில்லை என்று நூர் முஹம்மது வந்து சிரித்துவிட்டுப் போனான். கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான், நல்ல பையன், ஆனால் ஒரு ஆணி கேட்டால் பத்து நிமிஷம் தேடுகிறான்.

மாப்பிள்ளை எழுதிய கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் ஏன் தாமதம் என்று நினைத்திருப்பீர்கள். புது வீடு தெருவை ஒட்டியிருக்கிறது, தோல் ஷாப்பு ஆட்கள் காலையும் மாலையும் ஜன்னலோரமாகப் போகிறார்கள், அதனால் நம் வீட்டில் உன் அறை ஜன்னலுக்கு நான் செய்து போட்ட மறைப்பு மாதிரியே ஒன்று தானே செய்யப் போவதாகவும், ரம்பமும் உளியும் வாங்கிவிட்டதாகவும், அளவும் செய்முறையும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மாமா செய்த மறைப்பில் வெளியிலிருந்து ஒரு கண்ணும் உள்ளே எட்டாது, அப்படி ஒரு வேலையை எங்கும் பார்த்ததில்லை என்று ஒரு வரி வேறு. கட்டில் கிழவனுக்கு அது போதாதா, அதை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கடிதத்தின் அடியில் உன் கையெழுத்தில், அத்தா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று மட்டும் இருந்தது. ஜன்னலைப் பற்றி நீ நல்லதும் எழுதவில்லை, கெட்டதும் எழுதவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த மறைப்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்த கதை ஒன்று, எனக்குத் தெரிந்த கதை ஒன்று. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், வீட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது, அதனால்தான் ஜன்னலுக்குச் சாய்வாகப் பலகைப் பட்டைகள் அடித்தேன் என்று உன்னிடம் சொன்னேன். உத்தரவு இருந்தது நிஜம். ஆனால் அதற்குக் கறுப்புக் காகிதம் போதும், ஊரெல்லாம் காகிதம்தான் ஒட்டினார்கள், பகலில் ஜன்னலைத் திறந்தும் வைத்தார்கள். நிஜக் காரணம் வேறு. அதற்கு முந்தின வாரம் பெரியத்தா மெஹபூப் அலி கடைக்கு வந்து, இன்னாப்பா, உன் பொண்ணு எந்நேரமும் ஜன்னல்லயே நின்னுக்கினு கீது, தெருவே பாக்குது என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். நீ நின்றது சந்துக்கு எதிர்வீட்டு நீரஜாவோடு பேச. கஸ்தூரிரங்கன் வாத்தியார் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைய பாடத்தை ஜன்னல் வழியாக உனக்குச் சொல்வாள், உன்னை நான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நாலு பேர் எதிரில் என் முகம் சுருங்கியதுதான் எனக்குப் பெரிதாகப் போயிற்று. பெரியத்தா மேல் பழி போட மாட்டேன், அவர் வாயால் சொன்னார், நான்தான் கையால் செய்தேன். பெண்பிள்ளை இருக்கும் அறைக்குள் அன்னிய ஆசாரியை விடக் கூடாதென்று இரண்டு வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு நானே செய்தேன். பட்டைகளை அசைய விடாமல் ஆணி அடித்து இறுக்கினேன். ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருஷம் நீ வந்து, அத்தா, இப்பவாவது அத எடுத்துடலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். இப்போதுதான் வார்னிஷ் அடித்திருக்கிறேன், காயட்டும் என்றேன். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அந்த வார்னிஷ் காயவேயில்லை, மகளே.

மாப்பிள்ளைக்கு அளவு எழுத வேண்டுமே என்று படுத்தபடியே கையை நீட்டி டேப்பு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று அன்றுதான் பார்த்தேன். எதிர்வீட்டு ஓட்டின் விளிம்பும் அதற்கு மேலே கொஞ்சம் ஆகாயமும். கீரைக்காரி சத்தம் கேட்கிறது, யார் வீட்டிலோ சண்டை கேட்கிறது, ஒரு முகம் தெரியாது. எனக்கு ஆறு வாரத்துக்கே பைத்தியம் பிடிக்கப் பார்த்தது, உனக்கு ஐந்து வருஷம். அடிப்பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் ஒரு குடைக் கம்பி, அதன் நுனியில் நூலால் சுற்றிக் கட்டின கண்ணாடித் துண்டு. இதென்ன என்று அம்மாவைக் கேட்டேன். உங்களுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுதா, அந்தப் பொண்ணு இத வெளியே நீட்டிக்கினுதானே அஞ்சு வருசமும் படிச்சிச்சு என்றாள். நீரஜா அவள் வீட்டு ஜன்னலில் நின்று சிலேட்டில் எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டுவாளாம், உன் கண்ணாடியில் நேராகத் தெரியட்டும் என்று. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொல்லியிருந்தா அந்த இடுக்குலயும் ஒரு பட்டை அடிச்சிருப்பீங்க என்றாள். அந்தக் கட்டு அவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தாய், இத்தனை வருஷம் கழித்தும் கண்ணாடி ஆடவில்லை. என் கை வேலை உனக்கு வந்திருக்கிறது, அதை என்னிடமிருந்தே ஒளிக்க வேண்டியதாகிவிட்டதே என்று நினைத்து நினைத்து அழுதேன். எட்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

போன புதன்கிழமை வைரவன் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அந்த அறைக்குள் வந்த முதல் ஆசாரி அவன்தான். மறைப்பைத் தடவிப் பார்த்து, பாய், யார் செஞ்சது இது, ஒரு பட்டைகூட கோணல் இல்ல என்றான். எனக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த வாயிலேயே, ஆனா தொறக்க வழி வெக்காம எவனாவது செய்வானா என்றான். எவனோ ஒரு முட்டாள் செய்தது, கழற்று என்றேன். நான் அடித்த ஆணி ஒவ்வொன்றையும் பிடுங்க அவனுக்கு ஒரு பகல் ஆயிற்று.

மறுநாள் காலை ஜன்னல் திறந்து கிடந்தது, நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எதிரிலிருந்து, ஜஹீதா, எப்போடீ வந்தே, வரேன்னு ஒரு வார்த்தை எழுதப்படாதோ என்று குரல். நீரஜா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. நான் போர்வைக்குள் இன்னும் சுருண்டேன். மறுபடியும், ஏண்டீ, கோவமா என்றாள். அதற்கு மேல் தாங்காமல் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்து முகம் மாறி, மாமாவா, ஜன்னல் திறந்திருந்ததோன்னோ, அவதான் வந்துட்டான்னு நினைச்சேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் போனதைப் பார்த்தேன், ஜஹீதா. நான் பிடுங்கினது என்னவென்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஆகையால் மாப்பிள்ளை கேட்ட அளவை நான் அனுப்பப் போவதில்லை. அவர் தங்கமான மனிதர், உனக்கு நல்லதென்று நினைத்துத்தான் கேட்கிறார், நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கடிதத்தை மறைக்காமல் அவரிடம் படித்துக் காட்டு, மாமா செய்தது வேலை இல்லை, பாவம் என்று மாமாவே எழுதியதாக இருக்கட்டும். மறைப்பு வேண்டுமானால் அசைகிற மாதிரி செய்யட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு முனையிலும் தலை வெட்டின ஆணி ஒன்று அடித்து, சட்டத்தில் துளை போட்டு அதில் உட்கார வைக்க வேண்டும், துளை ஆணியைவிட ஒரு நூல் அளவு பெரிதாக இருந்தால் மழைக்காலத்தில் இறுகாது. எல்லாப் பட்டைக்கும் உள்பக்க விளிம்பில் சின்ன வளையம் மாட்டி ஒரே நெட்டுக் குச்சியில் கோத்துவிட்டால், குச்சியைத் தூக்கினால் திறக்கும், இறக்கினால் மூடும். வளையங்கள் கடையில் உண்டு, நூர் முஹம்மதைத் தேடச் சொல்லிப் பார்சலில் அனுப்புகிறேன். அன்றைக்கும் அவை கடையில் இருந்தன.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்தேன் என்று எழுதிவிடுவாய், உன் குணம் அது. அதனால் அப்படிக் கேட்கவில்லை. கோபமிருந்தால் கோபமாகவே எழுது, அத்தா படிப்பேன். நீரஜாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு, அவளுக்கு ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

குளிர் தொடங்குமுன் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஜஹனாராவுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மாப்பிள்ளை அந்த ஜன்னல் குச்சியை வெட்டும்போது குழந்தையைப் பக்கத்தில் நிற்க வைத்து, அது கையைத் தூக்கினால் எட்டுகிற அளவுக்குக் கீழே இறக்கி வெட்டச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தா
மு. ஷரஃபுதீன்