இரண்டு முறை வெடித்த குண்டு

மே 6, திங்கள்
புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகர். ஆலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில், மார்ச்சிலிருந்து, ஜார்ஜ்டவுன் ஆய்வு மையம் ஒன்றில் தற்காலிக வேலை. ஒரு வட்டாரத்தில் நடக்கும் பயங்கரவாதத் தாக்குதல்களைப் பத்திரிகைகளில் தேடி அட்டவணையில் ஏற்ற வேண்டும்: நாள், ஊர், ஆயுதம், இறந்தவர்கள்.

ஜெகதீஸ்வரி பக்கத்து வீட்டில், "எங்க வீட்டுக்காரருக்கு டெரரிஸ்ட் வேலை கிடைச்சிருக்கு லா" என்றாளாம். டெரரிஸ்ட்டைப் பற்றிய வேலை என்று திருத்தினேன்.

"அதத்தானே சொன்னேன்?"

மே 9, வியாழன்
தலைவர் டாக்டர் சித்தி ஆயிஷா திங்களன்று மாநாட்டில் பேசுகிறார். தலைப்பே 'ஒன்பது விழுக்காடு உயர்வு'. போன வருஷம் முதல் நான்கு மாதத்தில் 110 தாக்குதல், இந்த வருஷம் அதே நான்கு மாதத்தில் 120. பட்டியலையும் வரைபடத்தையும் அச்சடிக்க என்னை அனுப்பினார்.

அச்சுக்கடை முஸ்தஃபா வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணே, இந்தச் செவப்புப் புள்ளியெல்லாம் என்னா?"

"குண்டு."

"வெச்சதா? வெக்கப் போறதா?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மே 10, வெள்ளி
வீட்டுக்குப் போலீஸ் வந்தது! முஸ்தஃபா சொல்லியிருக்கிறார். கார்ப்பரல் ராமதாஸும் இன்னொருவரும். ஜெகதீஸ்வரி காப்பியோடு வந்து, "இவரு கரப்பான்பூச்சியக்கூட அடிக்க மாட்டாரு சார். நான்தான் அடிக்கணும்" என்றாள். மானம் போனது, ஆனால் உயிர் வந்தது. டாக்டரிடம் போனில் பேசியதும் விவகாரம் முடிந்தது.

ராமதாஸ் மட்டும் பட்டியலைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணே, அதே சந்தை, அதே மோட்டார்சைக்கிள், செத்தது இருபத்து மூணு பேரு. ஒரே குண்டு எப்படி ரெண்டு தடவ வெடிக்கும்?"

பார்த்தேன். ஒரு பத்திரிகை ஊர்ப் பெயரை 'கே'யில் எழுதியிருக்கிறது, இன்னொன்று 'க்யூ'வில். தேதியும் ஒரு நாள் தள்ளி. இரண்டையும் ஏற்றியவன் நான். நானா? இருபத்திரண்டு வருஷம்!

மே 11, சனி
முழுப் பட்டியலையும் துருவினேன். பதினொரு பதிவுகள் இரட்டை. எல்லாம் என் கைவேலை. போன வருஷத்துப் பட்டியல் சுத்தம். ஆக, 109. உயர்வே இல்லை, ஒன்று குறைவு.

ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் முடிகிறது. இப்ப போய்ச் சொல்லணுமா? யாருக்குத் தெரியப் போவுது?

ராமதாஸுக்குத் தெரியும்.

மே 12, ஞாயிறு
டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"காலையில ஒன்பது மணிக்கு என் பேச்சு, குணாளன்."

"தெரியும், டாக்டர்."

பிறகு மலாயில் ஏதோ சொன்னார். எழுத வேண்டாம். "உடனே ஆபீசுக்கு வாங்க. ஒவ்வொண்ணா சேர்ந்து பார்ப்போம்."

மே 13, திங்கள்
உயர்வு இல்லை என்று டாக்டர் அறிவித்ததும், வந்திருந்த நிருபர்கள் இருவரும் கறிபாப் பலகார மேசைக்குப் போய்விட்டார்கள்.

மே 15, புதன்
ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். இனி என் வேலை சரிபார்ப்பு மட்டும். ஏற்றுவதற்கு வேறு ஆள்! முதல் காரியமாக அந்தப் பதினொன்றையும் நீக்கினேன். மொத்தச் சாவு எழுபத்தெட்டு குறைந்தது.

"எழுபத்தெட்டுப் பேர் சாகவே இல்ல" என்றேன் வீட்டில்.

"யாரு அவங்க?"

"அப்படி யாருமே கிடையாதுடி. தப்புக் கணக்கு."

"தப்புக் கணக்கா இருந்தா என்னா? சாகலல்ல?" என்று பாயசம் வைத்தாள் ஜெகதீஸ்வரி. நன்றாக இருந்தது. அவள் இரண்டாவது கிண்ணம் நீட்டும்போதுதான் அந்தச் சந்தை நினைவுக்கு வந்தது. நீக்கியது இரண்டாவது பதிவைத்தான். முதல் பதிவில் இருபத்து மூன்று பேரும் அப்படியே இருக்கிறார்கள்.

போதும் என்று சொல்லிவிட்டேன்.