பிரிக்காத பிளாஸ்டிக்

கிள்ளான், ஞாயிறு

அன்பு மஜீதாவுக்கு ஸலாம். நான் நலம். உன் முதுகுவலியும் உம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே அருங்காட்சியகத்தில் நாங்கள் செய்த அறிவியல் கூடம் நேற்றுத் திறந்தது. பிள்ளைகள் தொட்டு, இழுத்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. எங்கள் மேனேஜர் பரமேஸ்வரன் எதிலிருந்தும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை.

"டத்தோ பார்த்துட்டுப் போகட்டும் லா, கீறல் விழுந்திடும்" என்றார். டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர் திறந்துவைத்துப் போன பிறகும் விடவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொடாமல் பார்க்க டிவி போதாதா? இதற்கா ஆறு மாதம் கப்பியும் கயிறுமாகச் செத்தோம்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பி நாற்காலியின் உறையைக் கிழித்து, ஒரு சிறுமியை உட்காரவைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தேன். இழுத்துத் தன்னையே தூக்கிக்கொண்டு சிரித்தாள். அதற்காக என்னைப் பூச்சோங் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, பயப்படாதே.

ஊருக்கு வரும் இக்ராம் பெட்டியைக் கட்டிவிட்டான், இதை அவனிடம் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. நம் மகள் ஷிரீனுக்கு நான் அனுப்பிய டெலஸ்கோப்பை, நான் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று அலமாரி மேல் வைத்திருக்கிறாயாமே. இரண்டு ரமலான் போய்விட்டது. இன்றைக்கே பிரித்து அவள் கையில் கொடு. உடைந்தால் உடையட்டும்.

ஜுஹைர்