சாமி அறையில் காற்று

தை மாதம், வெள்ளி இரவு

வீட்டின் எனர்ஜி ரேற்றிங்கைக் கூட்டலாம் என்று கூரைக்குக் கீழுள்ள அற்றிக்கில், குளிர் புகாமல் இன்சுலேசன் போட்டோம். இன்றுதான் வேலை முடிந்தது.

போன கிழமை வீட்டைச் சோதிக்க வந்த தமிழ்ப் பிள்ளை, எங்கள் சாமி அறைக்குள் தலையை நீட்டினாள். சாமி அறை என்றால் மேல்மாடியில் உடுப்பு வைக்கும் குளோசெற்றுத்தான். அதன் முகட்டில் அற்றிக்குக்கு ஏறும் மூடி இருக்கிறது. "அங்கிள், உதாலை சரியான காத்து வருது" என்றாள்.

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "அப்ப விளக்கு நூந்தது உந்தக் காத்தாலையோ?" என்று கேட்டாள்.

அஜக்ஸில் இருக்கும் மகளுக்கு இது ஏழாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து, விளக்கு அணைந்த நாளெல்லாம் மனைவி மகளுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். டயற் என்றாள், நானும் நம்பினேன்.

இன்று பின்னேரம் விளக்கேற்றினோம். சுடர் அசையவில்லை.

"இனியெண்டாலும் வடிவாச் சாப்பிடுமன்" என்றேன், இரவுச் சாப்பாட்டில்.

"ஓம், சாப்பிடுறன்" என்று இன்னும் இரண்டு இடியப்பம் எடுத்தாள்.

பிறகு குளோசெற்றைத் தாண்டி அறைக்குப் போக வேண்டியிருந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்தேன்.