துண்டுக்குள் அகப்படாத பேச்சு

என் பாசத்துக்குரிய முருகேசு அண்ணே,

இதனால் போடி நகர மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் பரிசீலனையில் இருக்கிறது.

சிரித்தாயா? இனிச் சொல்லப்போவது சிரிக்கிற சங்கதி இல்லை. போன வாரம் பத்திரிகையில் படித்தேன். அமெரிக்காவில் தலையில் ஒயர் ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்களாம். கை காலை அசைக்காமலே திரையில் ஒரு புள்ளியை நகர்த்துகிறார்களாம். நீ உயிரோடு கிடந்தபோதே இந்த வேலை நடந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போச்சு.

மலையிலிருந்து ஏலக்காய் லோடு இறக்கி வந்த ஜீப்பு கவிழ்ந்து உன் கையும் காலும் வாயும் போனபின், மதுரையில் உன் தலையிலும் ஒயர் ஒட்டினார்களே. மெஷினின் பேனா தாளில் கோடு போட்டது. "மூளை நல்லா வேலை செய்யுது. அவர்கிட்ட பேசுங்க" என்றார் டாக்டர். போடியில் தினமும் கரண்டு போகும். உன் மண்டையில் ஒரு நாளும் போகவில்லை.

அப்பா இல்லாத நம் வீட்டில் பெரியப்பா வைத்ததுதானே சட்டம்? வியாபாரிகள் துண்டுக்குள் விரலை அமுக்கி ஏலக்காய்க்கு ரகசியமாக விலை பேசுவதுபோல உன் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து, "வெவரம் தெரிஞ்சா அமுக்குடா" என்றார். அமுக்க முடிந்திருந்தால் நீ ஏன் படுத்துக் கிடந்திருப்பாய்? "ஆள் உள்ள இல்லப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வியாபாரம் முடிந்தது.

கண்ணை உயர்த்தினால் ஆமாம், மூடினால் வேண்டாம். நமக்குள் ஓடிய அந்தப் பேச்சை அவரிடம் சொன்னேன். "ஊரையே ஏய்க்கிற பய, பொணத்த வச்சும் வெளாட்டுக் காட்டுறான் பாரு" என்றார். உன் காதுபடச் சொன்னார்.

அப்புறம் உன் கட்டிலை மூட்டை அடுக்கும் அறைக்குத் தூக்கினார்கள். நீ கண்ணை மூடினாய், திறந்தாய், மறுபடி மூடினாய். "தூக்கம் வருது போல. வெரசாத் தூக்குங்கப்பா" என்றார். அந்த அறையில்தானே உன் உயிர் போனது?

நேற்று உன் வருசத் திதி. பந்தி நடுவே நின்று அந்தப் பத்திரிகைச் செய்தியை உரக்க வாசித்தேன். "ஆள் உள்ளதான் இருந்துச்சு பெரியப்பா, ஒங்களுக்குத்தான் கேக்கல" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை.

சரி, உன்னிடம் புளுகி என்ன ஆகப்போகிறது? பத்திரிகைத் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. "டேய், ரசத்தக் கொண்டா" என்றார் பெரியப்பா. கொண்டுபோய் ஊற்றினேன். வாய் நன்றாக இருக்கிற எனக்கே பேச்சு வரவில்லை, அண்ணே.

ஒருநாள் சொல்லியே தீருவேன். இது சத்தியம். இன்றைக்கு மட்டும் வேண்டாம். அவர் பக்கத்து அறையில் இருமுகிறார், விளக்கை அணைக்கிறேன்.

உன் கண்ணோடு பேசிய தம்பி,
ராசு