நான் பார்க்காத என் பிரசவம்

சிஸ்டர்,

இன்று காலை மகளுக்குக் காய்ச்சல் என்று ஒத்தக்கடையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். ஏசியில் குளிர்ந்து போன கையை அப்படியே பிள்ளை வயிற்றில் வைத்து அமுக்கினாள். இவள் "ஆத்தீ, சில்லுங்குது!" என்று துள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. யாரைத் தொடுவதற்கு முன்னாலும் நீங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வீர்கள். "தொடப் போறேம்மா, கை சூடாத்தான் இருக்கு" என்பீர்கள். வார்டில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது தடவையும் சொல்வீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் இருக்கும். மகளின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல உங்களுக்குப் போன் போட்டேன். உங்கள் மகன் எடுத்தார். "அம்மா போன மாசம் தவறிட்டாங்கக்கா" என்றார். "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாம்! பேச்சுக்குப் பேர்போன வாய் எனக்கு, அன்றைக்குப் பார்த்து அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது. அதை நினைத்து இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து வருடம் ஆகிறது. ஒன்பதாம் மாதம் பிறந்து நாலு நாள். சிம்மக்கல்லில் அம்மா வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், திடீரென்று ரத்தம். ஆட்டோவில் ஏற்றியது தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா யாரையோ சத்தம் போட்டது தெரியும். "நஞ்சுக்கொடி பிரிஞ்சிருச்சு, ஒடனே ஆபரேஷன்" என்று ஒரு டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் ஆளை அடையாளம் கண்டு பேசியது மூன்றாவது நாள். ஐந்தாவது நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அன்று மதியம் ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்து, "ஒம் மகளப் பாருடி" என்றாள் அம்மா.

பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, சிஸ்டர். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

தலை நிறையச் சுருட்டை முடி. எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் சுருட்டை கிடையாது. என் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் அவர் காதையும் பிள்ளை காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவர் பாவம், "என்ன, காதுல எதும் ஒட்டியிருக்கா?" என்று கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். என் பிள்ளை செத்திருக்கும், என்னைச் சமாதானப்படுத்த யாருடைய பிள்ளையையோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். மார்பு கட்டிப்போய் விண்விண்ணென்று தெறித்தது, ஆனாலும் பால் கொடுக்க மாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "வெளிய சொல்லிராதடி, பைத்தியம்னுருவாங்க." என் மாமியார் வேறு ரகம். "புள்ளையும் நல்லாருக்கு, நீயும் பொழச்சு வந்துட்ட. அம்புட்டுதான வேணும்? பெறகு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். அவருக்கு உங்கள் மேல் ஏற்கெனவே கோபம். பிறந்த பிள்ளைக்கு நல்ல குணமுள்ள ஒருவர் சீனித்தண்ணியை நாக்கில் தொட்டு வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்று எங்கள் பக்கம் சேனை வைப்போம். அதற்காகத் தன் அண்ணனைக் கூட்டி வந்து காத்திருந்தார். அண்ணன் ரொம்பப் பொறுமையானவராம். கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்காமல் தூங்குகிறவரை வேறு எப்படிச் சொல்வது? நீங்கள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "தாய்ப்பாலத் தவுர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது, கெளம்புங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்கள். மாமியார் அதை வருகிற சொந்தத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைக் காட்டியதற்கு மறுநாள் மதியம் உங்களுக்கு டியூட்டி முடிந்துவிட்டது. சேலை மாற்றி, டி. கல்லுப்பட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கைப்பையோடு கிளம்பியவர், போகிற போக்கில் என் கட்டிலருகே நின்றீர்கள். "சாப்ட்டியா?" என்றீர்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "சிஸ்டர், இது எம் புள்ளதானா?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. சீ என்று சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"நீ கேக்குறதுல தப்பே இல்ல. நீ பாக்கல. பாக்காதத எப்பிடி நம்புவ? நான் பாத்தேன். மொதல்லருந்து சொல்றேன், கேளு" என்றீர்கள்.

"பதினொண்ணேகாலுக்கு ஒன்ன தியேட்டருக்குள்ள கொண்டு போனோம். புள்ளைய வாங்குறதுக்குத் துண்டோட நின்னது நாந்தான். டாக்டரு எடுத்து எங் கையிலதான் குடுத்தாரு. அழல. ஒடம்பு நீலமா இருந்துச்சு. மூக்கு வாயெல்லாம் சுத்தம் பண்ணி முதுகத் தேச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கே பயம் வந்துருச்சும்மா. அப்பறம் ஒரு தும்மல் போட்டா. தும்மிட்டுத்தான் அழுதா. ஒம் பேரு எழுதுன பட்டைய ஒடனே கையில கட்டுனேன். கொழந்தைங்க வார்டு வரைக்கும் நானே தூக்கிட்டுப் போனேன், வேற ஆளு கைக்குப் போகல. இந்தா பாரு, எடது தொடையில மச்சம். அப்பவே பாத்தேன்."

துணியை விலக்கிக் காட்டினீர்கள். மச்சம் இருந்தது.

"ரெண்டாம் நாளு ஐசியூவுக்கு ஒன்னயத் தேடி வந்தேன். பாதி முழிச்சுப் பாத்த. 'புள்ளைக்குக் கொஞ்சம் பால் எடுக்கட்டுமாம்மா?'ன்னு கேட்டேன். தலைய ஆட்டுன. கேட்டுட்டுத்தான் கைய வச்சேன். சீம்பால், மஞ்சளா, பாலாடைக் கிண்ணத்துல அடி மறையிற அளவுதான் வந்துச்சு. அதக் கொண்டு போயி ஊட்டுனேன். சப்புக்கொட்டிக் குடிச்சா. ஒங்க அத்தை சேனை வைக்க விடலன்னு ஊரெல்லாம் சொல்றாங்கள்ல? சேனை வச்சாச்சும்மா. வச்சது நீதான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு அழுகை வந்ததோ! தையல் பிரிந்துவிடும் போல அழுதேன். நீங்கள் அழாதே என்று சொல்லவில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டு, "தொடப் போறேம்மா" என்று சொல்லி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பிள்ளையை மார்பில் சேர்த்தீர்கள். அவள் பிடித்த பிடியில் எனக்கு உயிர் போய் வந்தது. விஷயம் தெரிந்ததும் மாமியார், "சேனை இவ வச்சதா? அப்ப புள்ளைக்கும் வாயி இம்புட்டு நீளமாத்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது பலித்துவிட்டது. உங்கள் பஸ்தான் போய்விட்டது, அடுத்த பஸ் எப்போது என்று நான் கேட்கக்கூட இல்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் போனில் சொன்ன அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் இருந்தது. டாக்டர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தவர் நீங்கள். நீங்களும் இல்லையென்றால் அந்தப் பகலுக்குச் சாட்சி யாருமில்லை. என் மகள் எப்படிப் பிறந்தாள் என்று கேட்டால், பெற்ற நானே "அப்படித்தான் சொன்னாங்க" என்றுதானே சொல்ல வேண்டும்?

இன்று கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, காய்ச்சலோடு என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் பொறந்தப்ப என்னாச்சுன்னு சொல்லும்மா" என்றாள். சொன்னேன். நீலமா இருந்த, அழவே இல்ல, முதுகத் தேய்க்கத் தேய்க்க ஒரு தும்மல் போட்ட, பெறகுதான் அழுத. சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் துண்டு தெரிந்தது, உங்கள் கை தெரிந்தது, அந்தச் சின்ன மூக்கு சுருங்கியது தெரிந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீ மயக்கத்துலல்ல இருந்த?"

"ஆமா" என்றேன். "ஆனா பாத்தேன்."