அன்னாசி, தேங்காய்ப்பால், ஐஸ், கிளாஸ்

ஒக்டோபர் 9, வியாழன்

பின்னேரம் மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. கெலிஓயா பஸ்ஸில் ஈர ஆட்களின் வாடை. பின்னால் நின்றவர் என் தோளில் தும்மினார், ஒரு 'சொரி' கூடச் சொல்லவில்லை. வந்ததும் சட்டையை ஊறப்போட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று முழுக்க மூக்கெண்ணெய். யாருடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கினாலும் மூக்குப் பிடியில் பச்சையாக ஒரு பசை. கழுவி, துடைத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

சுதாகரன் ஞாயிறு வீட்டுக்கு வருகிறார். (இனி சு.) அண்ணன் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரச் சொல்லு, பாப்போம்" என்றார். சரி என்றால் தையில் கல்யாணம். இல்லை என்றால்? அதை எழுத மாட்டேன்.

சு. வெறுங்கையோடு வரமாட்டாராம். தான் வேலை செய்யும் ஹோட்டல் பாரில் வெள்ளைக்காரர்களுக்குப் போடும் பினா கொலாடாவை எங்கள் குசினியில் நின்று தானே செய்து தருவாராம். அன்னாசியும் தேங்காய்ப்பாலும் ஐஸாக அடித்தது. சாராயம் இல்லாமல்.

"பொண்ணு பாக்கப் போனா பொண்ணுதானே தட்டுல தேத்தண்ணி கொண்டாரும்? இந்த வாட்டி நான் கொண்டாரேன். அண்ணன் என்னைய பாக்கட்டும்." போனில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

வாங்க: அன்னாசி (அடியை மணந்து பார்த்து), தேங்காய், தேசிக்காய். குடைக் கம்பி.

ஒக்டோபர் 10, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

ஞாயிறு மானம் போகக்கூடாதென்று இன்றே ஒரு தடவை செய்து பார்த்தேன். த்தூ.

பிளெண்டரைத் திறந்ததுமே மாசிக் கருவாட்டு நாற்றம். அண்ணி நேற்று சம்பல் அடித்துவிட்டுத் தண்ணீரைக் காட்டி வைத்திருக்கிறார். கத்திக்கு அடியில் ஒரு வெங்காயத் தோல். அதைத் தேய்த்து எடுத்தேன். பிறகு பிரீசர். அன்னாசித் துண்டுகளைக் காலையில் மூடாமல் வைத்தது என் பிழை. பக்கத்திலேயே பாதி பாரை மீன், பையில் ஓட்டை. அன்னாசியைக் கடித்தால் பாரை. வெள்ளிக்கிழமை வாயில் மீன். சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

தேங்காய்ப்பாலையும் உறைய வைத்திருந்தேன். அடித்தபோது கொழுப்புத் தனியாக, தண்ணீர் தனியாக. நாக்கில் மெழுகுதிரியை வழித்து வைத்த மாதிரி. வாஷ்பேசினில் துப்பினேன், அங்கேயும் ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றித்தான் போனது.

சு.வுக்குப் போன் அடித்தேன். அவர் சிரிப்பு அடங்கவே நேரம் எடுத்தது.

"பால ஏன் ஐஸாக்கின? மொதப் பால் மட்டும் எடு, சீனி போட்டு சின்ன நெருப்புல வத்த வை. கொதிக்க விடாத, திரிஞ்சிரும். ஆறினப்பறம் பிரிட்ஜ் கீழ் தட்டுல வை. பழம் மட்டும்தான் ஐஸாகணும். மீனுக்கு வேற எடம் பாரு."

ஒக்டோபர் 11, சனி

அரை நாள் வேலை. வந்து பிரீசரைக் கழுவினேன். மூலையில் கறுப்பாக உறைந்த இரத்தம், கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. குமட்டல். தேசிக்காய்த் தோல் போட்டுத் துடைத்தேன். பால் வற்ற வைத்தேன், இந்த முறை சரி, பட்டு மாதிரி வந்தது. அன்னாசி டப்பாவில், மூடி இறுக்கி.

அண்ணி பின்கட்டில் அவருடைய அம்மாவோடு போனில். நான் வீட்டில் இருப்பது தெரியாது போல.

"பாக்க லெச்சணமாத்தான் இருக்கானாம்... தெல்தோட்டப் பக்கம்... ஆமா, அவுங்க ஆளுங்கதான். நம்ம ஆளுங்க இல்ல... குசினிக்குள்ள வந்து என்னமோ செய்யப் போறானாம். நான் என்னத்தச் சொல்ல, இவரு வரச் சொல்லிட்டாரே."

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தாராம். தொழிலாளர் லயத்துக்கு மேலே தனி வீடாம். அந்த வீடு இப்போது இல்லை, தோட்டமே பாதி காடு. அண்ணன் கெலிஓயாவில் பருப்பும் சீனியும் நிறுத்து விற்கிறார். நான் அடுத்தவர் மூக்கெண்ணெய் துடைக்கிறேன். ஆனால் கங்காணி வீடு!

ஒக்டோபர் 12, ஞாயிறு

சு. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார். வெள்ளைச் சட்டை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினார். அதைப் பார்த்தே எனக்குப் பாதி மனது நிறைந்தது.

அன்னாசி, வற்றிய பால், ஐஸ், புளிப்புக்குக் கொஞ்சம் தேசிச் சாறு. ருசி பார்க்க ஒரு ஸ்ட்ரோவை உள்ளே விட்டு, மேல் ஓட்டையை விரலால் மூடித் தூக்கி, ஒரு சொட்டை நாக்கில் விட்டார். அந்த ஸ்ட்ரோ குப்பைக்கு. மறுபடி பார்க்க வேறு ஸ்ட்ரோ. எச்சில் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வீட்டில் அகப்பையை நக்கிவிட்டு அதே குழம்பில் விடுவோம்.

கரண்டியால் எடுத்தால் நிற்கிற பதம். வெண்ணெய் நிறம். அண்ணன் கதிரையின் நுனிக்கே வந்துவிட்டார்.

பரிமாற அண்ணி கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். பூப்போட்ட நல்ல கிளாஸ் செட். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சு.வுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கப். யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சியது, பலூன் படம்.

"கிளாஸ் பத்தல தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க."

அலுமாரிக் கதவு திறந்தபடி. செட்டில் மிச்சம் மூன்றும் வரிசையாக நின்றன. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அதுனால என்னங்க அண்ணி" என்றார். தானே ஊற்றினார். தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினார். குடித்து முடித்ததும் கப்பை நசுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போட என்று கேட்டார்.

"வெளிய வாளி இருக்கு, அதுல போட்டுருங்க" என்றார் அண்ணி.

போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அண்ணன் இரண்டு கிளாஸ் குடித்தார். மீசையெல்லாம் நுரை. "கைப்பக்குவம் உள்ள ஆளு" என்றார். சு.வின் கை தொட்டு அரைத்தது வயிற்றுக்குள் போகலாம். அவர் வாய் எங்கள் கிளாஸில் படக்கூடாது. இதைவிட அசிங்கமாக ஒரு வீடு இருக்குமா? எனக்கு வந்தது பாதி கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

தூறல். லீவு போட்டேன், தலைவலி என்று.

பிளெண்டர் ஜார் பைப்படியில், அண்ணி வெந்நீரும் மஞ்சளும் ஊற்றி வைத்திருக்கிறார். மாசி அடித்துவிட்டு ஒரு நாள் கூட ஒழுங்காகக் கழுவாத ஜார்!

"அலுமாரியில மூணு கிளாஸ் இருந்திச்சே அண்ணி."

"ஒடஞ்சா செட்டு போயிரும் ஜெயா."

"நான் கை தவறிப் போட்டா ஒடையாதா?"

அண்ணன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சும்மா கெளறாத. அவரே தப்பா எடுக்கல, ஒனக்கென்ன? நல்ல பையன்தான், வேணான்னு நான் சொல்லல. கட்டிக்க. ஆனா தீவாளி, விசேஷமுன்னு சொந்தக்காரங்க இருக்கிற நேரம் இங்க கூட்டிக்கிட்டு வர்றதெல்லாம்..." செருப்பை மாட்டினார்.

இவர் சாப்பிட்ட தட்டைத் தொடவே கூசியது. அப்படியே விட்டுவிட்டேன்.

முடிவு செய்தாயிற்று. தையில் கல்யாணம், இவர்கள் வந்தாலும் வராவிட்டாலும். நல்ல வேளை, இந்த வீட்டுப் புத்தி எனக்கு ஒட்டவில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

தெல்தோட்டை போய் வந்தேன். சு.வின் அம்மாவைப் பார்க்க. கலஹா தாண்டியதும் பனி, வளைவுக்கு வளைவு குமட்டல். முன் சீட்டுப் பிள்ளை வாந்தி. எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

லயத்துக் கடைசி வீடு, முன்னால் ஒரு அறை சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், இப்போது ஓய்வு. என் கையைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தார். "வாங்கம்மா, உள்ள வாங்க. ஒக்காருங்க."

சு. ஹோட்டலிலிருந்து ஐஸ் கொண்டுவந்திருந்தார். அம்மாவுக்கும் ஒரு தடவை அந்தப் பானத்தைச் செய்து காட்ட வேண்டுமாம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னாடா இது, பாயாசம் வெறச்சுப் போன மாதிரி" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அவர்கள் இருவருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு ஒரு கண்ணாடிக் கிளாஸ். விலைச் சீட்டைப் பாதி கிழித்திருந்தார்கள், விரலில் பசை ஒட்டியது.

"புதுசும்மா. நேத்துத்தான் டவுன்ல எடுத்தேன். எங்க யாரு வாயும் படல. நீங்க தைரியமா குடிங்க."

சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குடித்தேன். முழுக்க. ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை. நன்றாக இருந்தது. "எனக்கும் டம்ளர்லயே குடுங்கம்மா" என்று சொல்லத் தோன்றவே இல்லை. கிளாஸைக் கையில் வாங்கியபோது உள்ளே ஒரு நிம்மதி வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது என்ன நிம்மதி என்று விளங்கியது. என்னை நினைத்தாலே அருவருக்கிறது.

இப்போது சு.விடமிருந்து மெசேஜ். அடுத்த தடவை வரும்போது ஆகும், அந்தக் கிளாஸை உனக்கென்று தனியாக எடுத்து வைக்கவா என்று அம்மா கேட்கிறார்களாம்.

வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். இன்னும் அனுப்பவில்லை.