எல்லாம் அறிந்தவரிடம் ஒரு பென்சில் கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

புதிய புத்தகம் மேசைக்கு வந்துவிட்டது. கடவுளின் இயல்புகள் பற்றி முந்நூறு பக்கம். எழுதியவர் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவராம். "எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. கடவுளைத் திருத்த வேண்டாம்" என்றார் அச்சக முதலாளி. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியவளுக்கு முதல் வேலையாக இதுதானா கிடைத்தது?

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் இயலில் கடவுள் எல்லாம் அறிந்தவர். மூன்றாவதில் எல்லாம் வல்லவர். நான்காவதில் எல்லையில்லாத நல்லவர். ஒவ்வொன்றாகப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியும், முடியும், நல்லவர் வேறு — பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

துன்பம் கடவுளைத் தீண்டாதாம். கொடுத்து வைத்தவர்.

மார்ச் 13, வியாழன்

மீதித் தாள்களை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். பக்கம் 112: "தீமையை முன்பே அறிந்தும் கடவுள் மௌனம் காப்பது, அதனினும் பெரிய நன்மையின் பொருட்டே."

அக்கா இதையேதான் சொன்னாள், இத்தனை நல்ல தமிழில் அல்ல. "உன் நல்லதுக்குத்தான்டி மறைச்சேன்."

இரண்டு கரு கலைந்து மூன்றாவது தங்கியிருந்த நேரம். அதிர்ச்சியே கூடாது என்றிருந்தார் டாக்டர். இந்த ஊரில் நான் படுக்கையில். அந்த ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில். அது எனக்குத் தெரியாது. போன் செய்தால், "அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியலை" என்பாள் அக்கா. இரண்டு மாதமா தொண்டை கட்டும்? நம்பினேனே, மடச்சி! அம்மா போனது எனக்கு எட்டாம் மாதத்தில். என்னிடம் சொன்னது மகள் பிறந்த பதினோராம் நாள்.

என் வீட்டுக்காரரும் உடந்தை. அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு குழந்தைத் துணி துவைக்க ஆள் வேண்டியிருந்ததால் பேசினேன். அக்காவிடம் இன்றுவரை இல்லை.

அந்தப் பெரிய நன்மை இப்போது தரையில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் காட்டித்தான் எல்லாரும் என் வாயை அடைக்கிறார்கள். அவள் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அவள் என் உயிர். ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க இவர்கள் யார்?

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் சிவப்பு மையில். சொந்தச் சந்தேகம் பென்சிலில். தாளைத் திருப்பிக் கொடுக்குமுன் பென்சிலை அழித்துவிட வேண்டும். 112-இன் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: "நல்லதுக்குன்னா, யாரைக் கேட்டு மறைச்சே? அம்மாகிட்ட ஒரே ஒரு தடவை பேச விட்டிருக்கலாமே."

அக்காவைக் கேட்டேனா, கடவுளைக் கேட்டேனா? இரண்டு பேரையும்தான்.

மார்ச் 19, புதன்

தாள்களைக் கொடுத்தாயிற்று. மகளுக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஐயோ. அழிக்க மறந்திருக்கிறேன்!

திருத்திய படி வந்திருக்கிறது. எங்கள் கணினியில் தட்டச்சு செய்பவளுக்கு மின்னல் என்று பெயர். கை போகிற வேகத்துக்குக் கண் எதையும் படிக்காது. என் கேள்வியை அப்படியே அடித்து, தனிப் பத்தியாக்கி, புத்தகத்துக்குள் உட்கார வைத்துவிட்டாள். "ஓரத்துல இருந்துச்சு, சேர்க்கச் சொல்றீங்கன்னு நெனைச்சேன்க்கா" என்கிறாள். நூலாசிரியருக்கும் ஒரு படி போய்விட்டதாம். வேலை போனால் போகட்டும், அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஏப்ரல் 10, வியாழன்

ஆசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. பக்கத்தை விரித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார். மன்னிச்சுடுங்க, எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. அதுக்குக் கீழே, கடவுள் ஏன் மௌனம்னு நான் எழுதியிருந்த பதிலைத்தான் எடுத்திருக்கேன்."

மூன்று பத்திகளின் குறுக்கே சிவப்புக் கோடு.

"ஆட்சேபணைன்னா பதில் சொல்லலாம்மா. நாற்பது வருஷமா அதான் செஞ்சேன். இது அம்மா வேணும்னு கேட்குது. இதுக்கு என் பதிலைப் படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு."

எனக்கு அப்போதும் ஆறவில்லை. "அப்போ கடவுள் செஞ்சது தப்புன்னு சொல்றீங்களா?"

"அதைச் சொல்ற துணிச்சல் இல்லை. சரின்னு சொல்ல வாயும் வரலை."

முந்நூறு பக்கம் எழுதியவருக்கு வாய் வரவில்லையாம்! ஆனால் நியாயம் பேசாமல் என் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் ஆள் இவர்தான். பதில் இருந்த இடத்தை வெள்ளையாகவே விடச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 11, ஞாயிறு

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். கோபம் தீர்ந்து வரவில்லை. சண்டையை நேரிலேயே போட்டுவிடலாம் என்று வந்தேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் பாதி மறந்துபோயிற்று. துரும்பாக இளைத்திருக்கிறாள். மேசை நிறைய மாத்திரை. மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏதோ புத்தகம் வந்துச்சாமே, உன் வீட்டுக்காரர் சொன்னார். காட்டேன்" என்றாள்.

அச்சாகி வந்த புத்தகம் பையில்தான் இருந்தது. 112-ஐப் படித்தால் இவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. "இன்னும் கைக்கு வரலைக்கா" — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் நல்லதுக்குத்தான்.

சே! எவ்வளவு சுலபமாக வருகிறது இது.

எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தையும் சொன்னேன்.

நின்றபடியே படித்தாள். என் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகளுக்குச் சோறு ஊட்டி முடித்தபோது புத்தகம் என் பக்கத்தில் இருந்தது. என் கேள்விக்குக் கீழே, அந்த வெள்ளை இடத்தில், கோணல்மாணலான அவள் கையெழுத்து:

"விட்டிருக்கணும்டி. தப்பு என்னோடதுதான். அம்மா தினமும் உன்னைக் கேட்டா."

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. தேய்த்ததையே தேய்க்கிறாள். இதை முடித்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பென்சிலை அழித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பக்கத்தை நான் யாருக்கும் திருப்பித் தரப் போவதில்லை.